மேஸ்திரி திரும்பி வந்த காலை

சமையல்காரர் கையிடுக்கிலிருந்து இறக்கிவிட்டதும் மேஸ்திரி இறக்கையை ஒரு உதறு உதறிவிட்டு, தன் வீட்டுக்கு வந்த தோரணையில் தண்ணீர்த் தொட்டியை நோக்கி நடந்தது.

நாலடி போயிருக்காது. மற்ற வாத்துகள் எல்லாம் கழுத்தை நீட்டிக்கொண்டு அதன்மேல் பாய்ந்தன.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஏய், ஏய்! இது நம்ம மேஸ்திரி! கண்ணு தெரியலையா?" என்று அதட்டினார். கப்பலில் அடுப்படியையே நடுங்கவைத்த குரல் அது. கொல்லையில் ஒரு வாத்தும் சட்டை செய்யவில்லை.

மேஸ்திரி ஒரு பெட்டை வாத்து. கூட்டத்தையே கட்டி மேய்த்ததால் வந்த பெயர். முன்பு ஒரு விடுமுறைக்கு வந்தபோது அவர்தான் அதைக் குஞ்சாகச் சட்டைப்பையில் வைத்துக் கொண்டுவந்தார். போன மாதம் கப்பல் வேலையை விட்டு வீட்டோடு வந்து சேர்ந்தபோது, வாசல்வரை கத்திக்கொண்டு ஓடி வந்ததும் அதுதான்.

சும்மா இருப்பானேன் என்று மூன்று புதுப் பெட்டைகளை வாங்கி விட்டார். வந்தது வினை. மேஸ்திரி அவற்றைத் தண்ணீரில் இறங்க விடவில்லை, தீனியில் வாய் வைக்க விடவில்லை. ஒன்றின் கழுத்தில் ரத்தமே வந்துவிட்டது.

ரவுடியைக் கொஞ்ச நாள் கண்ணில் படாமல் பிரித்து வைத்தால் கொட்டம் அடங்கும் என்றார் வாத்து விற்றவர். அப்படியும் ஒத்துவராவிட்டால் மேஸ்திரியைத் தானே வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார். எதற்கு வாங்கிக்கொள்வார் என்று இவருக்கா தெரியாது? சமையல்காரராயிற்றே.

அன்றே பக்கத்து வீட்டு மெக்கானிக்கின் ஷெட்டில் கொண்டுபோய் விட்டார். ஒரு வாரம் கழித்து இன்று காலைதான் தூக்கி வந்தார். கொட்டம் அடங்கியது உண்மைதான். ஆனால் இது என்ன கூத்து? புதிதாய் வந்த மூன்றும் முன்னால் நின்று கொத்துகின்றன. கூடவே வளர்ந்ததுகள் ஒத்து ஊதுகின்றன. இப்போது இங்கே யார் புதுசு, யார் பழசு?

மேஸ்திரி திருப்பிக் கொத்தக்கூட இல்லை. வேலியோரம் ஒண்டிக்கொண்டு நின்றது. அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

அதற்குத் தனியாகத் தீனி வைக்கலாம் என்று தவிட்டு டப்பாவைத் தேடினார். வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் எந்தப் பொருளும் அவர் தேடும் இடத்தில் இருப்பதில்லை. வசதியாக இருக்கட்டும் என்று அவர் மாற்றி வைப்பதெல்லாம் மறுநாளே பழைய இடத்துக்குப் போய்விடுகிறது. மகளைக் கேட்கலாமென்றால், அவள் அவரைக் கண்டதும் தட்டோடு எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தினமும் இப்படித்தான். படிப்பு அதிகம் போலிருக்கிறது.

கடைசியில் மனைவிதான் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். வேலியோரம் நின்ற மேஸ்திரியைப் பார்த்தாள்.

"விடுங்க. கொஞ்ச நாள் ஆகும். பழகிடும்."

டப்பாவைத் திறக்கப்போன கை நின்றுவிட்டது. இதே வார்த்தையை நேற்று மாலை சமையலறையில் அவள் மகளிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். வாத்துகளைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்து, அவரும் தலையாட்டியபடி நகர்ந்துவிட்டார்.

நேற்று மாலை கொல்லையில் ஒரு சண்டையும் இல்லை. புதுசும் பழசும் ஒரே தொட்டியில் நீந்திக்கொண்டிருந்தன. மேஸ்திரி மெக்கானிக்கின் ஷெட்டில் இருந்தது.