மூன்று மணி அலறல்

தினமும் மதியம் மூன்று மணிக்குக் கீழ்வீட்டிலிருந்து எழும் ஒரு பெண்ணின் அலறலில் சரிதாவின் கைக்குழந்தை தூக்கிவாரிப்போட்டு விழித்துக்கொள்ளும். இனிப் பொறுப்பதற்கில்லை, வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லிவிடுவோம் என்று அவள் குழந்தையுடன் கீழே இறங்கினாள்.

வீட்டுக்காரம்மா புஷ்பம் டீச்சர், தியேட்டர் பக்கமே வராத ஏதோ ஒரு கொலைப் படத்தை டிவிடியில் பார்த்துக்கொண்டிருந்தார். ராஜகீழ்ப்பாக்கத்தில் எடுத்ததாம். கட்டி முடிக்காத வீடொன்றில் முகமூடிக்காரன் ஓர் இளம்பெண்ணை அலற அலறக் குத்திச் சாய்த்தான். ரோஸ்மில்க் நிறத்தில் ரத்தம் வழிந்தது.

கோபத்தையும் மீறிச் சரிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆன்ட்டி, பொணம் மூச்சு விடுது பாருங்க! வயிறு ஏறி இறங்குது. இதைப் போய் டெய்லி பாக்குறீங்களே!"

"அந்த சீனைத் திரும்ப எடுக்க முடியலையாம். ரத்தம் பட்டுட்டா மாத்திக்க வேற சுடிதார் இல்லையாம்."

"உங்களுக்கு யார் சொன்னா?"

"அவளேதான். என் பொண்ணு அபிகாயில்," என்றார் டீச்சர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அடக்கம் பண்ணி ரெண்டு வருஷம் ஆச்சு. இதுல ஏழு மூச்சு விடுவா. எட்டாவது வர்றதுக்குள்ள வேற சீன் வந்துடும்."

டீச்சர் ரிமோட்டை அழுத்தினார். படம் பின்னோக்கி ஓடியது.

அலறல் மறுபடியும் எழுவதற்குள், குழந்தையின் காதுகளைப் பொத்திக்கொண்டு சரிதா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.