வேலியோரப் பன்றி

சீமைக்கருவேலத் தணலில் கொழுப்பு சொட்டச் சொட்டப் புகை எழுந்தது. தன் நாய் செத்த நாளிலிருந்து முகம் கொடுத்துப் பேசாத பக்கத்துப் பண்ணை ராய்ஸ், இன்று வீடு தேடி வந்து விருந்துக்கு அழைத்ததே வெண்டலுக்கு உறுத்தலாக இருந்தது.

"காட்டுப்பன்னியில இவ்வளவு கொழுப்பா!" என்று தட்டை நீட்டினாள் வெண்டலின் மனைவி டார்லீன்.

"எல்லாம் உங்க சோளத்தைத் தின்னு கொழுத்ததுதான்," என்று சிரித்தான் ராய்ஸ். "நேத்து உங்க வேலியோரத்துல சுட்டேன். ஓடக்கூட முடியாம தள்ளாடிக்கிட்டு நின்னுச்சு."

வாய்க்குக் கொண்டுபோன துண்டை வெண்டல் தட்டிலேயே வைத்துவிட்டான்.

"ஏம்பா, சாப்பிடலையா?" என்றான் ராய்ஸ்.

"வயிறு சரியில்ல."

"அப்ப உங்க பங்கும் எனக்குத்தான்," என்று டார்லீன் அதை எடுத்துக் கடிக்கப் போனாள்.

வெண்டல் பாய்ந்து தட்டிவிட்டான். "தின்னாத! அதுல விஷம் இருக்கு!"

ராய்ஸ் ஒரு துண்டை எடுத்து, நிதானமாக மென்று விழுங்கினான்.

"இது சான் ஆன்டோனியோ பக்கம் என் தம்பி சுட்ட பன்னி. உன் வேலியோரத்துல கிடந்தது என் நாய் மட்டும்தான். அன்னைக்குக் கேட்டப்ப, 'விஷமா, என் நிலத்துலயா'ன்னு சத்தியம் பண்ணினியே, வெண்டல்?"