அக்கா வரைந்த சுவர்

பல வருடங்களுக்கு முன், சுவரில் படம் வரைந்து பெண்கள் நடத்திய போராட்டத்தைப் பற்றிய ஆவணப்படம் அது. திரையில் அக்கா, கையெல்லாம் பெயிண்டோடு சிரித்தாள். அன்று மாலை காணாமல் போனவள், இன்றுவரை திரும்பவில்லை.

"அழாதீங்கம்மா. திரும்பப் பாக்கணுமா?" என்றாள் படம் எடுத்த பெண்.

"அந்தக் கடைசிக் காட்சியை மட்டும் போடும்மா."

ஓர் இளைஞன் அக்காவை இழுத்து வேனில் ஏற்றினான்.

"இவன் யாருன்னு ரொம்ப நாளா தேடுறோம். உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியலைம்மா."

வெளியே, அதே முகம் நரைத்த மீசையோடு பைக்கில் காத்திருந்தது. அக்காவைத் தேடி என்னோடு ஊரெல்லாம் அலைந்து, பிறகு என்னையே கட்டிக்கொண்டவர்.

"படத்துல அக்கா தெரிஞ்சாளா?" என்றார்.

"தெரிஞ்சா."

பின்னால் ஏறி உட்கார்ந்தேன். போக எனக்கு வேறு வீடு இல்லை.