அண்ணாச்சி கட்டிய இரண்டாவது பந்தயம்

மத்தியானம் இரண்டு மணிக்கு, மளிகைக் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வைகுண்டராஜ் அண்ணாச்சி டீக்கடைக்குள் நுழைந்ததுமே கடைக்காரர் அம்மாவாசிக்கு என்னமோ சரியில்லை என்று பட்டது. அந்த நேரத்தில் டீ குடிக்கிற ஆளே இல்லை அவர்.

பெஞ்சில் ராக்கையா உட்கார்ந்திருந்தான். பம்புசெட் மெக்கானிக். காலடியில் ஸ்பானர் பை.

"என்ன ராக்கையா, உங்க அலி இந்த வாட்டியாவது தேறுவானா?" என்றார் அண்ணாச்சி.

அம்மாவாசிக்குச் சுருக்கென்றது. ஆறின புண்ணைப் போய்க் கிளறுகிறாரே மனுசன்.

ஏழு மாசம் முந்தி, பிப்ரவரியில், முகமது அலிக்கும் ஸ்பிங்ஸ் என்ற புதுப் பையனுக்கும் குத்துச்சண்டை நடந்தது. அலிதான் ஜெயிப்பார் என்று இதே டீக்கடையில் ராக்கையா தன் சைக்கிளைப் பந்தயம் வைத்தான். "சரி, நான் ஸ்பிங்ஸ் பக்கம்" என்று அண்ணாச்சி விளையாட்டாகச் சொல்லிவைத்தார். அலி தோற்றுப்போனார். ராக்கையா சைக்கிளைக் கொண்டுபோய் மளிகைக் கடை வாசலில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

அன்றிலிருந்து நடைதான். கடமலைக்குண்டானாலும் மயிலாடும்பாறையானாலும் தோளில் பையைப் போட்டுக்கொண்டு போவான். போய்ச் சேர்வதற்குள் வேற மெக்கானிக் வந்து மோட்டாரை ஓடவிட்டிருப்பான். பாதி நாள் வெறுங்கையோடு திரும்புவான்.

"என் சைக்கிளை எடுத்துட்டுப் போப்பா" என்று அம்மாவாசி எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார்.

"தோத்தவன் நடக்கத்தான்ணே செய்யணும்." அதே பதில்தான் வரும். வீம்பு பிடித்த பயல். சும்மா கொடுத்தால் சாமி பிரசாதத்தைக்கூட யோசித்துத்தான் வாங்குவான்.

இன்றைக்கு அலிக்கும் ஸ்பிங்ஸுக்கும் மறுசண்டை. பத்து நாளாக டீக்கடையில் வேற பேச்சே கிடையாது.

"பந்தயப் பேச்சே வேண்டாம் அண்ணாச்சி. வீட்டுல மொக்கம்மா உசுரை எடுத்துருவா" என்றான் ராக்கையா.

"பயம்னு சொல்லு."

"எனக்கென்ன பயம்? போன வாட்டி சின்னப் பயதானன்னு அலி அசட்டையா இருந்துட்டாக. இந்த வாட்டி மாசக்கணக்காப் பயிற்சி எடுத்திருக்காக."

"அலிக்கு முப்பத்தாறு வயசு. அவனுக்கு இருபத்தஞ்சு."

"இருக்கட்டும். சாம்பியன் ஆனதுலருந்து அந்தப் பயலுக்கு ஊர் சுத்தவே நேரம் காணலயாம். பதினஞ்சு ரவுண்டு மூச்சு நிக்கணும்ல?"

"அதுக்குக் கால் நிக்கணுமப்பா. அலிக்குத்தான் கால் போச்சே."

அலியைப் பற்றி ராக்கையாவிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. அவன் முகம் கறுத்தது.

"உன் சைக்கிளை நான் வைக்கிறேன். ஸ்பிங்ஸ்தான் ஜெயிப்பான்" என்றார் அண்ணாச்சி. "நீ அந்தப் பையை வை. நாளைக்குப் பேப்பர் வந்தா தெரிஞ்சுரும்."

அந்த ஊருக்கு ஆண்டிபட்டியிலிருந்து வரும் பத்து மணி பஸ்ஸில்தான் பேப்பர் வரும். உலகத்தில் எது நடந்தாலும் டீக்கடைக்கு மறுநாள்தான் தெரியும்.

அம்மாவாசியால் பொறுக்க முடியவில்லை. "அண்ணாச்சி, சைக்கிள்தான் போச்சு. பையும் போனா அவன் எதை வச்சுப் பொழைப்பான்? ஒரு டீக்குப் பந்தயம் கட்டுங்க, போதும்."

"ஒரு டீக்காகவா நான் கடையை விட்டுட்டு வந்தேன்? சரிக்குச் சரி வச்சாத்தான் பந்தயம்."

ராக்கையா பையைத் தூக்கி மேசையில் வைத்தான். "வச்சாச்சு. அலி தோத்தா இனிமே நான் மோட்டாரைத் தொடல."

அண்ணாச்சி எழுந்து போனார்.

"இருக்கிறவுகளுக்கு எவ்வளவு இருந்தாலும் பத்தாது போல" என்று அம்மாவாசி வாய்விட்டே சொன்னார். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் ஆமாம் போட்டார்கள்.

சாயந்தரம் ராக்கையாவின் சம்சாரம் மொக்கம்மாள் வந்தாள். "அந்தப் பையை வைக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டா இருந்தீக?" என்று கேட்டு அழுதாள். அண்ணாச்சி மேல் வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு ராத்திரி அம்மாவாசிக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

மறுநாள் பஸ் வந்தது. அம்மாவாசி பேப்பரைப் பிரிக்கும்போது சுற்றிலும் இருபது தலை.

அலி ஜெயித்துவிட்டார். பதினைந்து ரவுண்டும் நின்று ஆடி ஜெயித்திருக்கிறார்.

ராக்கையா துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான். பையைத் தோளில் போட்டுக்கொண்டு மளிகைக் கடைக்கு நடந்தான். பின்னாலேயே கூட்டமும் போனது.

அண்ணாச்சி சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். "எடுத்துக்கோப்பா. உன் கணக்குத்தான் சரி."

"நான்தான் சொன்னேன்ல அண்ணாச்சி." ஏழு மாசம் கழித்து ராக்கையா சிரித்தான். நெஞ்சை நிமிர்த்தி ஏறி உட்கார்ந்து மிதித்தான்.

"பேராசை பிடிச்சு அலைஞ்சா இப்படித்தான்" என்று கூட்டத்தில் ஒருத்தன் சத்தமாகவே சொன்னான். அண்ணாச்சி காதில் வாங்காத மாதிரி பின்கட்டுக்குப் போய்விட்டார்.

கூட்டம் கலைந்தும் அம்மாவாசிக்கு மனசு ஆறவில்லை. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவது என்று நின்றார். கல்லாவில் அண்ணாச்சியின் சம்சாரம் சொர்ணலதா இருந்தாள்.

"ஒரு கிலோ சீனி கொடு தங்கச்சி" என்றவர், குத்தலாகவே கேட்டார். "ராத்திரி பூரா அண்ணாச்சிக்குத் தூக்கமே வந்திருக்காதே? ஸ்பிங்ஸ் ஜெயிச்சானோ இல்லையோன்னு."

சொர்ணலதா சீனியை நிறுத்தபடி சொன்னாள்.

"அவுகளுக்கு என்னண்ணே, நல்லாத்தான் தூங்கினாக. அலி ஜெயிச்சதை நேத்து மத்தியானமே ரேடியோவுல சொல்லிட்டாகளே. அதைக் கேட்டதும்தான பாதிச் சோத்துல கையைக் கழுவிட்டு உங்க கடைக்கு ஓடியாந்தாக."