மூணாவது கிளாஸ்

எங்க ஹாஸ்டல் ரூம்ல நான், வாலு, பட்டாணின்னு மூணு பேரு; வாலு, பட்டாணியெல்லாம் நாங்க வெச்ச பட்டப்பேரு. வாலு சரியா சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல. அதான் நானும் பட்டாணியும் அவளை காலேஜ் கவுன்சிலர்கிட்ட கூட்டிட்டுப் போனோம்.

"பயப்படாதடி, ஊசியெல்லாம் போட மாட்டாங்க." வழி முழுக்க நான்தான் தைரியம் சொன்னேன். வாலு வாயே திறக்கல. பட்டாணியும் உம்முன்னு வந்தா.

கவுன்சிலர் மேடம் ரெண்டு கிளாஸ்ல தண்ணி வெச்சாங்க.

"வாலுவுக்கு, மேடம்?"ன்னு கேட்டேன்.

பட்டாணி என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "வாலு போன செமஸ்டர்லயே இறந்துட்டா மேடம். சாப்பிடாம தூங்காம கெடக்கறது இவதான். வாலுவுக்காகன்னு சொன்னாத்தான் வருவான்னு கூட்டிட்டு வந்தேன்."

மேடம் மூணாவது கிளாஸையும் கொண்டுவந்து வெச்சாங்க. "வாலு எப்படிப்பட்ட பொண்ணு? சொல்லும்மா."

சொன்னேன். அழுதேன். மறுபடி சொன்னேன். தொண்டை வறண்டு என் கிளாஸைக் காலி பண்ணேன், பட்டாணியும் குடிச்சு முடிச்சா.

வாலுவோட கிளாஸ்ல மட்டும் தண்ணி அப்படியே இருந்துச்சு.