வலக்கரை நாடா

வேலூர் ஜெயிலிலிருந்து பஞ்சாட்சரம் ஆறு நாள் பரோலில் பிள்ளையார்பாளையம் வந்தார். காலையில் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்து. மற்ற நேரமெல்லாம் மனைவி இந்திராணியோடு தறியில். துணைக்கு ஆளில்லாமல் பாதியில் நின்றுபோன கல்யாணப் புடவை அது. இரண்டு கரையும் கோர்க்க இரண்டு பேர் வேண்டும். இந்திராணி எறிந்த, ஊடைநூல் சுற்றிய நாடாவை வலப்பக்கம் உட்கார்ந்து அவர் வாங்கித் திருப்பி எறிந்தார்.

ஆறாம் நாள் செவ்வாய்க்கிழமை. இன்னும் இரண்டு முழம் மிச்சம்.

"ஒரே ஒரு நாளு இருந்துட்டுப் போங்களேன்."

"நன்னடத்தைன்னு முன்னாடியே வுடறதா எழுதியிருக்காங்க. ஒரு நாள் தப்புனா அதுவும் பூடும். போனாத்தாம்மா திரும்பி வர முடியும்."

சாயங்கால பஸ்ஸில் போய்விட்டார்.

மறுநாள் காலை இந்திராணி தனியாகத் தறியில் உட்கார்ந்தாள். முடித்தே தீருவது என்றுதான் உட்கார்ந்தாள். நாடாவை வலப்பக்கம் எறிந்தாள். அது திரும்பி வந்தது. மறுபடி எறிந்தாள். மறுபடி வந்தது. அந்தப் பக்கம் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் நெய்து முடித்த புடவையைத் தறியிலிருந்து அறுத்து எடுத்தாள்.

அடுத்த வாரம் ஜெயில் முத்திரையோடு கார்டு வந்தது.

"நல்லபடியாக வந்து சேர்ந்தேன். புதன்கிழமை என் பக்கம் ஒரு இழை அறுந்தது. முடிச்சுப் போட்டுவிட்டேன். அடுத்த புடவையைத் தொடங்கு."