ஒரு தம்ளர் தண்ணீர்

ஜூன் பன்னிரண்டாம் நாள், புதன்கிழமை காலையில், நகராட்சி வரிக்குழு அந்தத் தனியார் பள்ளியைப் பார்வையிட்டது. ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி தருவதாகச் சொல்லி அரசு மானியம் பெற்றுவந்த பள்ளி, இப்போது சொத்துவரி விலக்கும் கேட்டிருந்தது. எதிர்ச்சாரியிலிருந்த நகராட்சிப் பள்ளியின் ஒழுகும் கூரையை அந்த வரியைக் கொண்டு மாற்றவேண்டும் என்று குழுவின் பெண் உறுப்பினர் ஒற்றைக்காலில் நின்றார்.

ஆனால், வகுப்பறை நிரம்பி வழிந்தது. எல்லாருக்கும் மடிப்புக் கலையாத புதுச் சீருடை.

"அத்தனையும் இல்லாத வீட்டுப் பிள்ளைங்கம்மா," என்று தாளாளர் குழைந்தார்.

உறுப்பினரின் மனம் இளகியது. "நான்தான் தப்பா நினைச்சுட்டேன் போல."

"நீங்க யாரைத்தான் நம்புவீங்க, அக்கா?" என்று குழுத் தலைவர் சிரித்தார்.

உறுப்பினருக்கு நா வறண்டது. முன்வரிசைச் சிறுமியிடம், "கண்ணு, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டாறியா?" என்று கேட்டார்.

சிறுமி சிட்டாய்ப் பறந்தாள். தாழ்வாரத்துக் குடிநீர்க் குழாயைக் கடந்தாள், வாயிற்கதவைத் தாண்டினாள், தெருவைக் கடந்து நகராட்சிப் பள்ளிக்குள் நுழைந்தாள். நிறைந்த தம்ளருடன் திரும்பி வந்தாள்.

"எங்க ஸ்கூல் பானைத் தண்ணிம்மா. ஜில்லுனு இருக்கும்."

தாளாளர் மென்று விழுங்கினார். "பிள்ளைக்கு இடம் இன்னும் பழகல..."

"காலையிலதானே கூட்டிட்டு வந்தீங்க, எப்படிப் பழகும்?" என்றாள் சிறுமி.

உறுப்பினர் தலைவரைப் பார்த்தார். அவர் முகத்தில் வியப்பின் சாயல்கூட இல்லை.

"தண்ணி எங்கேயிருந்து வந்தா என்னக்கா? குடிங்க."



அன்று மாலை, ஒருவர் மட்டும் எதிர்க்க, வரிவிலக்குத் தீர்மானம் நிறைவேறியது. வருவாய் குறைந்த காரணத்தால், நகராட்சிப் பள்ளியின் கூரைப் பணி காலவரையறையின்றி ஒத்திவைக்கப்பட்டது.